முசுறுக்காரி அண்ணி

அண்ணியைப் பற்றி நாத்தனார் நாலு நல்ல வார்த்தை எழுதுவது உலக வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கும் கிடையாது. என் அண்ணிக்கு மூக்கின் மேல் கோபம், நாக்கு நுனியில் பதில். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவளைப் புகழ்கிற இடம் வரும்போது, ஏதோ உறவுக்காகச் சொல்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஊர் அவளுக்கு வைத்த பெயர் முசுறு. மரத்து இலைகளை ஒன்றோடு ஒன்று இழுத்துத் தைத்து, பந்து மாதிரி கூடு கட்டுகிற சிவப்பு எறும்புக்குத்தான் அந்தப் பெயர். கடித்தால் லேசில் விடாது. கடித்த இடத்திலேயே பின்பக்கத்தை வளைத்து, எரிகிற நீரையும் பீய்ச்சிவிடும். அண்ணிக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் மாங்காய் பறிக்க வருகிற ஆட்கள். அவள் வாய்க்காக வைத்தீர்களா, அவள் வளர்க்கிற எறும்புக்காக வைத்தீர்களா என்று கேட்டால், இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவள் தயங்காமல் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு அதில் பெருமைதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் சட்டை தைக்கிற கம்பெனி ஒன்றில் காலர் வைக்கிற வரிசையில் இருந்தாள். மின்விசிறி சூப்பர்வைசர் பக்கம் மட்டும் ஓடுகிறது என்று ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் நிறுத்தியதும் அவளுக்கு அடுத்தவள் கை நின்றது, பிறகு வரிசையே நின்றது. விசிறி வந்தது, அண்ணிக்கு வேலை போனது. "அந்த விசிறி இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு" என்று இதை அவள் வெற்றிக் கதையாகத்தான் சொல்வாள். வேலை போனதை நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் என் அண்ணன். தலையாட்டுவதற்கென்றே பிறந்தவன். ஒரே மரத்தைப் பற்றி இரண்டு பேர் வந்து இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டு பேருக்கும் "சரிங்க" என்பான். அவன் மனதில் கள்ளம் கிடையாது. எதிரில் இருப்பவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அப்பாவுக்குப் பின்னால் சாலையை ஒட்டிய மாந்தோப்பும், அதன் ஓரத்தில் இருந்த வீடும், பழம் அடுக்குகிற தகரக் கொட்டகையும் அவன் பெயருக்கு வந்தன. நான் நகரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலைக்குப் போய்விட்டேன். தோப்பு அண்ணன் பெயரில் இருந்தது. தோப்பை நடத்தியது அண்ணி.

அவள் எறும்பில் போய் விழுந்ததற்குக் காரணம் அறிவு அல்ல, நாக்கு ருசி. அண்ணிக்கு மாம்பழம் என்றால் உயிர். கல்யாணமாகி வந்த வருஷம், கையால் கசக்கி உறிஞ்சிச் சாப்பிடுகிறவள், வாய் வைத்த பழத்தில் எல்லாம் புழுவைப் பார்த்தாள். ஈ வந்து காய்க்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், பழம் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே நெளியும். மருந்து அடித்துப் பார்த்தும் பயன் இல்லை. கிணற்றடியில் இருந்த நாலைந்து மரங்களில் மட்டும் மருந்தே அடிக்கவில்லை. முசுறு அப்பிக் கிடந்ததால் மருந்தடிக்கிறவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மரத்துப் பழங்களை அண்ணி கூடையோடு தின்று தீர்த்தாள். ஒரு புழு இல்லை.

இது ஏன் என்பதைப் பிறகு ஒரு தோட்டக்கலை அதிகாரி வந்து பொறுமையாக விளக்கினார். தளிரிலும் பூங்கொத்திலும் கசிகிற இனிப்பை எறும்பு குடிக்கிறது, மரத்தின் இலையிலேயே குடியிருக்கிறது. அதற்குக் கைம்மாறாக மரத்தில் உட்கார வருகிற ஈயையும் பூச்சியையும் விரட்டியடிக்கிறது. மரத்துக்கு எறும்பு வேண்டும், எறும்புக்கு மரம் வேண்டும். கூடவே அவர் இன்னொன்றும் சொன்னார். இதே எறும்பு மாவுப்பூச்சியை ஆடு மேய்ப்பது போல் மேய்த்து அதன் தேனையும் குடிக்கும், ஆகவே ரொம்பவும் தலையில் தூக்கி வைக்காதீர்கள் என்றார். அண்ணி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு பை நிறையப் பழம் கொடுத்து அனுப்பினாள்.

அவளை நிஜமாகக் கவிழ்த்தது கூடு தைக்கிற வேலை. ஒரு வரிசை எறும்பு இரண்டு இலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொரு வரிசை தன் குட்டிப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து அங்கும் இங்கும் தொடும். அந்தக் குட்டிகளின் வாயிலிருந்து வருகிற நூல்தான் தையல். அண்ணி மரத்தடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பாத்தியா, இதுங்க கைக்குழந்தையையே ஊசியா வச்சுத் தைக்குது. எங்க கம்பெனியில கைக்குழந்தை இருக்குன்னு சொன்னாலே வாசலோட அனுப்பிடுவாங்க." அன்றிலிருந்து தோப்பில் மருந்து நின்றது.

கூடு இருக்கிற கிளைகளை விடியற்காலைக் குளிரில் வெட்டிச் சாக்கில் போட்டுக் கட்டி, எறும்பில்லாத மரங்களில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள். எறும்பு தரைக்கு இறங்காமல் போய்வர மரத்துக்கு மரம் கயிறு கட்டினாள். சில வருஷத்தில் தோப்பு முழுக்கத் துணி உலர்த்துகிற கொடி மாதிரி கயிறாகிவிட்டது. நான் விடுமுறைக்கு வந்தால் குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். ஒரே ஒரு வரிசையில் மட்டும் அவள் கயிறு கட்டவில்லை. கிணற்றடி எறும்பு ஒரு கூட்டம், சாலையோர எறும்பு வேறு கூட்டம். இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று கடித்துக் கொல்லாமல் விடாது. அதனால் நடுவில் ஒரு வரிசை மரம் காலியாக இருக்க வேண்டும் என்று அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். அவனும் வழக்கம்போல் சரி என்றிருந்தான்.

போன வருஷம் பறிப்புக்கு முந்தின நாள், நடு வரிசையின் இரண்டு பக்கமும் கயிற்று நுனி தொங்குவதை அண்ணன் பார்த்தான். பாவம், இவளுக்குக் கயிறு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான். பெண்டாட்டிக்கு ஓர் உதவி செய்வோம் என்று கடைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்து, தன் கையாலேயே முடிச்சுப் போட்டு இரண்டு கூட்டத்தையும் இணைத்துவிட்டான். அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்து காலையில் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை வேறு.

காலையில் நடு வரிசை மரங்கள் சிவந்து கிடந்தன. கயிற்றில் எறும்பும் எறும்பும் பின்னிக் கொத்துக் கொத்தாகத் தொங்கின, கீழே செத்தவை மெத்தை மாதிரி விழுந்திருந்தன. இது தெரியாமல் பறிப்பு மேஸ்திரியின் தம்பி அந்த மரங்களில் ஒன்றில் ஏறிவிட்டான். வெறிபிடித்த எறும்பு அவன் கண் இமையில் கடித்ததும் கையை விட்டான், விழுந்தான், தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் அலறல் கேட்டு அண்ணி அரிவாளோடு ஓடி வந்தாள். வந்தவள் கீழே கிடந்தவனைத் தாண்டிப் போய்க் கயிற்றை வெட்டினாள். ஒரு முனையை வெட்டி, அடுத்த முனைக்கு ஓடி அதையும் வெட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் கூடப் போனான். மனுஷன் விழுந்து கிடக்கிறான், இவள் எறும்புக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று ஊர் பேசியது. அண்ணி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை, ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் காய் முற்றி, பறிக்க வேண்டிய நேரம் வந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளையடிக்கிறார்கள் என்று எனக்கு விடுமுறை, அதனால் தோப்பில் இருந்தேன். வருஷா வருஷம் காயை மரத்திலேயே மொத்தமாக விலை பேசி எடுத்துக்கொள்கிற வியாபாரி வந்தார். பறிக்கிற ஆட்களைக் கூட்டி வருவதும் அவர்தான். கொட்டகைக்குள் வந்து நின்றபடியே அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார். எறும்பு இருக்கிற மரத்தில் ஏறமாட்டோம் என்று ஆட்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள், மருந்தடித்து எறும்பைச் சுத்தமாக ஒழித்தால்தான் காயை எடுப்பேன், மருந்துக்காரனை நாளைக் காலையிலேயே அனுப்புகிறேன் என்றார். அண்ணன் சரிங்க என்றான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கோள் மூட்டுவது நாத்தனாரின் பிறப்புரிமை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். வியாபாரி போயிருந்தார். அண்ணன் எங்களைப் பார்த்ததும் கையைப் பிசைந்தான். காய் மரத்திலேயே பழுத்து விழுந்துவிட்டால் என்ன செய்வது, எறும்பு மறுபடி வரும், ஆனால் வியாபாரி மறுபடி வரமாட்டார் என்று ஏதேதோ சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அண்ணி கேட்டது ஒன்றுதான். "என்னைக் கேட்டீங்களா?"

அந்தத் தோப்பு அவள் கையில் வளர்ந்தது, ஆனால் பத்திரத்தில் அவள் இல்லை, பேரத்தில் அவள் இல்லை, யாரும் அவளைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எறும்பு போனால் அவள் அந்த வீட்டில் சமைக்கிறவள், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை மருந்துக்காரன் முதுகில் டேங்கோடு வந்தான். பின்னாலேயே வியாபாரி, அவருக்குப் பின்னால் மேஸ்திரி. எறும்பு ஒழிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி வந்திருந்தார். கிணற்றடியில் பெரிய மரத்துக்கு ஏணி சாத்தியிருந்தது. மருந்துக்காரன் குழாயைத் தூக்கிவிட்டு, தூக்கிய கையோடு நின்றுவிட்டான். மேலே, அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கிளைக்கு நடுவில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

கீழே இறங்கும்மா என்றார் வியாபாரி. அவள் இறங்கவில்லை. அண்ணனைப் பார்த்து, இறங்கச் சொல்லுய்யா என்றார். அண்ணன் அவருக்குச் சரிங்க என்றான், ஆனால் மேலே பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

"அடிக்கணும்னா என் மேல அடி" என்றாள் அண்ணி, மருந்துக்காரனிடம். "நான் இறங்கினா அடுத்த மரத்துல ஏறுவேன். எத்தனை மரம் இருக்குன்னு உனக்கே தெரியும்."

மருந்துக்காரன் குழாயைத் தாழ்த்திவிட்டு, மனுஷங்க மேல நான் அடிக்கமாட்டேன் சார் என்று டேங்கை இறக்கி வைத்தான். வியாபாரி விடுவதாக இல்லை. இவள் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பாள் பார்க்கலாம் என்று கொட்டகையிலிருந்து நாற்காலி வரவழைத்து மரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். எறும்பு அவளைக் கடித்துக்கொண்டிருந்தது. தன்னைக் காப்பாற்ற வந்தவள் என்று அதற்கு என்ன தெரியும்? கூட்டுக்குப் பக்கத்தில் வந்தவள், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கழுத்தில், காதில், கை மணிக்கட்டில் சாரி சாரியாக ஏறியது. அவள் தட்டிவிடக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வியாபாரியையே பார்த்தாள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இறங்குங்க அண்ணி, இந்தப் பாழாய்ப்போன எறும்புக்காகவா என்று கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வெயில் ஏறியது. வியாபாரி நாற்காலியை இரண்டு முறை நிழலுக்கு நகர்த்தினார். கடைசியில் எழுந்து வேட்டியை உதறினார். "பழுத்து விழட்டும். அப்புறம் என் வாசல்ல வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்துக்காரனும் போனான். மேஸ்திரி போகவில்லை.

அண்ணி இறங்கினாள். ஒரு கண் மூடிவிட்டிருந்தது, உதடு தடித்திருந்தது. நான் அவள் தலைமுடியிலிருந்து எறும்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உடம்பு பிய்ந்து வந்தது, தலை தோலிலேயே கவ்விக்கொண்டு நின்றது. மேஸ்திரி எங்கள் எதிரில் வந்து குந்தினார். அதிகம் பேசாத மனிதர் அவர்.

"அக்கா, மரம் இந்த எறும்புக்கு வீடு குடுக்குது, தீனி குடுக்குது. அதனால அது மரத்துக்காகக் கடிக்குது. எங்களுக்குக் கடி மட்டும்தான் கிடைக்குது. நாங்க எதுக்கு ஏறணும்?"

அண்ணி வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, அவர் தம்பி வீட்டில் இருக்கிறானா என்று கேட்டாள்.

அப்படியே, முகம் கழுவக்கூட இல்லாமல், மேஸ்திரியின் வீட்டுக்கு நடந்தாள். நானும் அண்ணனும் பின்னால் ஓடினோம். சந்தைத் தெருவின் கடைசியில் இரண்டு அறை வீடு. வாசலில் மேஸ்திரியின் மனைவி காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், அவளுக்குச் சந்தையில் பழக்கடை. தம்பி உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எலும்பு கூடியிருந்தது, ஆனால் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தான்.

"நான் விழுந்தப்ப நீங்க கயித்தைத்தானே பாத்தீங்க" என்றான். ஒரு வருஷமாக வைத்திருந்த வார்த்தை.

"ஆமா" என்றாள் அண்ணி. "அறுக்கலைன்னா பக்கத்து மரத்துல ஏறியிருந்தவங்கள்ல இன்னும் ரெண்டு பேர் விழுந்திருப்பாங்க. அதை இன்னைக்கும் சொல்வேன். ஆனா உன் பக்கத்துல ஒரு நிமிஷம் குனிஞ்சுட்டுப் போயிருக்கணும். குனியல. அது தப்பு."

எனக்குத் தெரிந்து அவள் வாயிலிருந்து தப்பு என்ற சொல் தன்னைப் பற்றி வந்தது அங்கேதான். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, கயிறு கட்டியது நான்தான் என்று முனகினான். அது எல்லோருக்கும் தெரியும் என்று மேஸ்திரியின் மனைவி சொன்னாள்.

பங்குப் பேச்சை அண்ணி அங்கேயே எடுத்தாள். வியாபாரி நடுவில் வேண்டாம், பறிக்கிற காயில் பாதி பறிக்கிறவர்களுக்கு, அதை மேஸ்திரியின் மனைவி தன் கடையில் விற்றுக்கொள்வாள், மீதியை அண்ணன் வண்டியில் சந்தைக்கு ஏற்றுவான். பாதியா என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணி ஒரு கண்ணால் பார்த்தாள், மூடிக்கொண்டேன். மேஸ்திரிக்குச் சம்மதம். தம்பி மட்டும் தலையாட்டவில்லை. கூட்டைக் கலைக்கிற முதல் ஆளைத்தான் எறும்பு மொய்க்கும், பின்னால் ஏறுகிறவர்களுக்கு அவ்வளவு கடி கிடையாது, அது உங்களுக்கும் தெரியும் என்றான்.

"ஒவ்வொரு மரத்துலயும் முதல்ல நீங்க ஏறணும்."

அண்ணன் பதறிப்போனான். மேஸ்திரிகூடத் தம்பியை அதட்டப் பார்த்தார். அண்ணி யாரையும் பேச விடவில்லை.

"ஏறுறேன்" என்றாள்.

அடுத்த நாள் அவள் ஏறினாள். முந்தின நாள் வீக்கம் வடியாத முகத்தோடு, கையிலும் கழுத்திலும் சாம்பலைப் பூசிக்கொண்டு, மரம் மரமாக ஏறினாள். கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கிளையை உலுக்கி, எறும்பு முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டு இறங்குவாள். பிறகு ஆட்கள் ஏறிக் காயைப் பறித்து வலைப்பையில் இறக்குவார்கள். அவர்களுக்கும் கடி இருந்தது, ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? மரத்தடியில் நான் அவள் முதுகைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் அவளுக்கு இரண்டாவது கண்ணும் மூட ஆரம்பித்தது. ஏணிப் படியைக் காலால் துழாவித்தான் ஏறினாள். சாலையோரத்தில் இன்னும் சில மரங்கள் பாக்கி இருந்தன. மேஸ்திரி வந்து குறுக்கே நின்றார். "போதும்க்கா. மீதி மரத்துல நாங்களே ஏறிக்கிறோம். பாதிப் பங்கு பேசினது பேசினதாவே இருக்கட்டும்." அண்ணனும் போதும் என்றான். நானும் போதும் என்றேன். தம்பி தூரத்தில் காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவன், கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"ஒவ்வொரு மரமும்னுதானே சொன்னான்" என்றாள் அண்ணி. "இரக்கப்பட்டு யாரும் என் தோப்புல ஏற வேண்டாம். தள்ளி நில்லுங்க."

என் தோப்பு என்றாள். அண்ணன் அதைக் கேட்டான், நாங்கள் எல்லோரும் கேட்டோம். மேஸ்திரி விலகினார். அவள் கையை நீட்டி ஏணியைத் தேடினாள், கை காற்றில் அலைந்தது. தம்பி எழுந்து வந்தான். இறங்கின தோளை ஏணிக்கு முட்டுக்கொடுத்து, நல்ல கையால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"ஏறுங்கக்கா" என்றான்.